அரைக் கிணறு

கோயமுத்தூர் டவுன்ஹாலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் அரைக் கிணறு ஒன்று உண்டு. பாதி தோண்டிவிட்டு விட்டுப் போனது என்று நினைத்துவிட வேண்டாம். முழுக் கிணறுதான். அறுபது அடி ஆழம், கருங்கல் கட்டு. என்றைக்கோ சொத்துப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி இரண்டு பேர் கிணற்றையும் விட்டுவைக்கவில்லை. கிணற்றின் வாய்க்குக் குறுக்கே இரும்பு கர்டரைப் போட்டு, அதன்மேல் சுவரை எழுப்பி, ஆளுக்கு அரை வட்டமாக எடுத்துக்கொண்டார்கள். மேலேதான் சுவர். கீழே தண்ணீருக்கு யாரால் சுவர் வைக்க முடியும்? பிறகு இரண்டு வீடுகளும் கைமாறின. இந்தப் பக்கத்தை என் அப்பா வாங்கினார். அந்தப் பக்கம் பாத்திமுத்து அக்காவின் மாமனார் கைக்குப் போனது.

இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள். எங்கள் வாசல் ஒரு சந்தில், அவர்கள் வாசல் இன்னொரு சந்தில். வாசல் வழியாகப் போக வேண்டுமென்றால் தெருவையே சுற்ற வேண்டும். ஆகையால் எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே இருந்த கதவு கிணறுதான்.

என் மனைவி சாராள் கல்யாணமாகி வந்த மறுநாள் தண்ணீர் இறைக்கப் போனாள். அவள் விட்ட வாளியும் அந்தப் பக்கம் அக்கா விட்ட வாளியும் கீழே மோதிக் கயிறு சிக்கிக்கொண்டது.

"ஏனுங்க, யாருங்க அந்தப் பக்கம்? சித்தே கயித்தத் தளத்தி உடுங்க" என்று இவள் கத்தினாள்.

"நீதான் அமிர்தநாதன் கட்டிட்டு வந்த புதுப் பொண்ணா? கொரலு நல்லாத்தான் இருக்குது. மூஞ்சியப் பொறகு வந்து பாக்கறேன்" என்று கிணற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது.

அன்றைக்குத் தொடங்கிய பேச்சு முப்பத்தெட்டு வருஷமாக ஓயவில்லை. என்னிடம் பேசியதைவிட சாராள் அந்தக் கிணற்றுக்குள் பேசியதுதான் அதிகம். என் அம்மாவைப் பற்றிய புகார், எங்கள் மகள் ஜோஸ்லினுக்கு வந்த வரன்கள், பிரியாணிக்கு எவ்வளவு பட்டை, நான் குடித்துவிட்டு வந்த இரண்டே இரண்டு நாள், எல்லாம் அதற்குள்தான் இறங்கியிருக்கிறது. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். கிணற்றின் மேல் பொறாமைப்பட்ட புருஷன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கோயமுத்தூர்க்காரனுக்குத் தண்ணீர் இரண்டு வகை. குழாயில் வரும் சிறுவாணி, அது நல்ல தண்ணி. நிலத்திலிருந்து எடுப்பது உப்புத் தண்ணி. எங்கள் கிணறு உப்புக் கிணறு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆனால் குளிக்க, துவைக்க, வாசல் தெளிக்க, அக்கா ஐந்து வேளைத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய, எல்லாவற்றுக்கும் அதுதான். எந்தக் கோடையிலும் எங்களை அது கைவிட்டதில்லை. குடிக்க மட்டும் நல்ல தண்ணி. வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் சொம்பில் நல்ல தண்ணி கொடுத்து, அவர்கள் குடித்துவிட்டு "அடடா" என்று சொல்வதைக் கேட்பதில் இந்த ஊருக்கு ஒரு பெருமை.

நான் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் வைண்டிங் வேலை பார்த்தவன். ஆழ்துளைக் கிணறுகளில் இறக்கும் மோட்டார்கள். முதலில் இருநூறு அடிக்குச் செய்தோம். பிறகு ஐந்நூறு அடிக்கு, எண்ணூறு அடிக்கு. ஆயிரம் அடிக்கு ஆர்டர் வந்த அன்று முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். ஆயிரம் அடியில் போய் உறிஞ்சினால் அறுபது அடிக் கிணற்றில் என்ன இருக்கும் என்று அந்த லட்டை மென்றபோது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் லட்டைத் துப்பியிருக்க மாட்டேன்.

எங்கள் பின்சந்தில் அடுக்குமாடி வந்தது. லாட்ஜ் வந்தது. ஆளாளுக்குப் போர் போட்டார்கள். இரண்டே கோடையில் எங்கள் கிணற்றின் அடி தெரிந்துவிட்டது. அக்கா வீட்டில் போர் போட்டுப் பார்த்தார்கள். வெறும் புழுதிதான் கிளம்பி வந்து தெருவையே வெள்ளையாக்கியது.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர்தான் கதி. அது பத்து நாளைக்கு ஒரு தடவை வரும். அணையில் மட்டம் இறங்கிவிட்டால் பதினைந்து நாள்கூட ஆகும். காலையா, மத்தியானமா என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் பிடித்துத் தரைத்தொட்டியை நிரப்பவில்லையென்றால் அடுத்த முறை வரும்வரை கேனும் லாரியும்தான். இதற்காக சாராளும் அக்காவும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். யார் வீட்டுக் குழாய் முதலில் சீறுகிறதோ அவர்கள் ஓடிப்போய்க் கிணற்று ராட்டினத்தை ஆட்ட வேண்டும். துருப்பிடித்த ராட்டினம் கிறீச்சென்று கத்தும். "அக்கா, தண்ணி வந்துருச்சு!" அந்தப் பக்கத்து ராட்டினமும் கிறீச்சென்று பதில் சொல்லும். தண்ணீர் இல்லாத கிணற்றில் இரண்டு ராட்டினங்களைக் கழற்றாமல் வைத்திருந்தது இதற்காகத்தான்.

போன கோடையில் அக்கா விழுந்தார். எழுபத்திரண்டு வயதில், தொட்டியிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துப் படியேறும்போது வழுக்கிவிட்டது. அவருடைய புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகன் ஷாநவாஸ். மனைவி நஸ்ரியாவோடு குனியமுத்தூர் ஃபிளாட்டில் இருக்கிறான். கடைவீதியில் அத்தர் வியாபாரம். அவன்மேல் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் அம்மாவின் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தவன்.

இடுப்பு ஒருவழியாகத் தேறி அக்கா வீடு திரும்பியதும் அவன் சொல்லிவிட்டான். வீட்டை விற்கப் போகிறான். குடோனுக்காக வாங்க ஆள் பார்த்தாகிவிட்டது. அம்மா அவனோடு வந்துவிட வேண்டும்.

அக்கா ஒரே பிடியாக மாட்டேன் என்றார். அந்தப் பக்கம் தாயும் மகனும் போட்ட சண்டை முழுவதும் கிணறு வழியாக எங்கள் அடுக்களைக்கு வந்தது. சாராள் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் ஷாநவாஸ் தழுதழுத்த குரலில் சொன்னான்.

"சரிம்மா. இந்த மழைக்குக் கெணத்துல தண்ணி வரட்டும். நானே மோட்டார் போட்டுத் தாரேன். குழாயைத் திருகுனா தண்ணி வரும், கொடம் தூக்க வேண்டாம். நீ இங்கயே இருந்துக்க. வரலீன்னா மழை முடிஞ்சதும் எங்கூட வந்தறோணும். மறுபடியும் நீ உழுந்தா என்னால பாக்க முடியாதும்மா."

"வரும்டா" என்றார் அக்கா. "தண்ணி வரும்."

அந்த மாதமே மாநகராட்சியிலிருந்து கோமளா என்று ஒரு பெண் வந்தாள். இளம் பொறியாளர். பாழுங்கிணறுகளைக் கணக்கெடுத்து மழைநீரை உள்ளே விடச் சொல்லிக்கொண்டிருந்தாள். நூல் கட்டிய குண்டைக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்தாள். கீழே வண்டலில் போய்ப் பொத்தென்று விழுந்தது.

"ரெண்டு ஊட்டு மொட்டைமாடித் தண்ணியவும் குழாய் வெச்சு இதுக்குள்ள உடுங்க. எல்லாரும் உட்டா, போர் போடறதையும் கொறைச்சா, ஒரு பத்து வருசத்துல மட்டம் மேல வருமுங்க" என்றாள்.

"அம்மணி, எனக்கு எழுவத்திரண்டு ஆச்சு. சித்தே வெரசா வரச் சொல்லு" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா சொன்னார்.

கோமளா சிரித்துவிட்டாள். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு சாராளின் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை. அவளுக்கு அந்தப் பத்து வருஷம் என்ற பேச்சு நெஞ்சில் தைத்துவிட்டது.

இரண்டு மாடியிலிருந்தும் குழாய் இறக்கினோம். பிறகு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். புரட்டாசி பொய்த்தது. ஐப்பசி பாதி போனது. தினமும் சாயங்காலம் அக்கா வாளியை இறக்குவார், அது வண்டலில் மோதும் சத்தம் கேட்கும், மேலே இழுப்பார். "நாளைக்கு வரும்" என்பார். சாராள் இந்தப் பக்கமிருந்து "வருமுங்க்கா" என்பாள். இரண்டு பேருக்கும் தெரிந்தே சொல்லிக்கொண்ட பொய்.

ஒரு திங்கள்கிழமை மத்தியானம் மழை அடித்துக் கொட்டியது. இரண்டு குழாயும் கிணற்றுக்குள் ஓயாமல் ஊற்றின. மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வண்டலுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றது. அதற்கு மறுநாள் அதுவும் இல்லை. காய்ந்த நிலம் குடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஷாநவாஸ் வருவதாகச் சொல்லியிருந்தான்.

புதன்கிழமை எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. ராட்டினம் கத்தியது, பதில் ராட்டினம் கத்தியது. எங்கள் ஐயாயிரம் லிட்டர் தொட்டி விளிம்புவரை நிறைந்தது. சாராள் மூடியைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கிணறு கேட்டுவிடும் என்று அவளுக்கு எப்போதும் பயம்.

"ஏனுங்க, இதைக் கெணத்துக்குள்ள உட்டா என்னங்க?"

"எதை?"

"இந்தத் தண்ணிய. ஓஸ் பைப்பு இருக்குது, மோட்டார் இருக்குது. ஒரு ஆள் ஒசரத்துக்காச்சும் நிக்கும். ஷானு பாத்தா நம்பிருவான்."

"பைத்தியமா உனக்கு? அடுத்த தண்ணி வரைக்கும் நாம எதைக் குடிக்கறது?"

"கேன் வாங்கிக்கலாம்."

"நாலே நாள்ல பூமி குடிச்சுரும் சாராள்."

"அதுக்குள்ள மறுபடியும் மழை வரும். இல்லீன்னா மறுபடியும் ஊத்தறேன்."

இவளிடம் நியாயம் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசியாக ஒரு யோசனை சொன்னேன். வேண்டுமானால் லாரிக்காரனிடம் சொல்லிப் போர்த் தண்ணீர் ஒரு லோடு வாங்கி விடலாம், நல்ல தண்ணியைக் கொண்டுபோய் யாராவது பாழுங்கிணற்றில் ஊற்றுவார்களா என்றேன்.

அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "லாரி வந்தா ரெண்டு சந்தும் வேடிக்கை பாக்கும். அதும்போக, அந்தக் கருமாந்திரத் தண்ணியவா அக்காவுக்கு ஊத்தச் சொல்றீங்க? முதமுதல்ல இறைக்கப் போறாங்க. நல்ல தண்ணியா இருக்கட்டும்."

வியாழக்கிழமை சாயங்காலம் இடியோடு மழை பிடித்தது. மாடிக் குழாய்கள் கொட்டின. அந்த இரைச்சலில் நான் மோட்டாரைப் போட்டேன். சாராள் ஓஸ் பைப்பின் முனையைக் கிணற்றுக் கல்லோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள், தண்ணீர் விழும் சத்தம் கேட்கக் கூடாதென்று. தலைமுதல் கால்வரை நனைந்து நின்றாள். அவளுக்கு அறுபது வயது. கல்யாணமான புதிதில்கூட எனக்காக அவள் இப்படி மழையில் நின்றதில்லை. தொட்டி காலியாகி மோட்டார் காற்றை இழுத்துக் கரகரத்தபோதுதான் நிறுத்தச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா வாளியை இறக்கினார். நாங்கள் இருவரும் இந்தப் பக்கம் மூச்சுவிடாமல் நின்றோம். தொப்பென்று சத்தம் கேட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு அந்தக் கிணற்றில் வாளி தண்ணீரில் விழும் சத்தம்.

"சாராளு! ஏய் சாராளு! தண்ணிடீ! தண்ணி வந்துருச்சுடீ!"

எழுபத்திரண்டு வயதுப் பெண்ணின் குரலா அது? பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் குரல். சாராள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. ராட்டினத்தைப் பிடித்து ஆட்டினாள், ஆட்டினாள், கயிறு அறுந்துவிடும்போல ஆட்டினாள்.

அந்தப் பக்கம் வாளி மேலே போகும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் என்றுகூடச் சொல்லலாம்.

"அக்கா? எப்புடி இருக்குதுங்க்கா தண்ணி?" என்று சாராள் கேட்டாள்.

"நல்லா இருக்குது கண்ணு" என்றார் அக்கா. "நெம்ப நல்லா இருக்குது."

சாயங்காலம் ஷாநவாஸ் வந்து செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தான். நல்ல பையன், வாக்கு மாறவில்லை. "மாமா, தண்ணி இருக்குதுங்க! மோட்டாருக்கு ஆள் சொல்லிப்போடறேன். நீங்களே கூட இருந்து நல்ல மோட்டாராப் பாத்து வாங்கித் தாங்க" என்று கிணற்று வழியாகவே என்னிடம் சொன்னான். பார்க்கலாம் என்றேன். சாராள் அன்று பாயசம் வைத்தாள். கேன் தண்ணீரில் வைத்த பாயசம்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். கேன் தண்ணீரில் சமைத்தோம், கேன் தண்ணீரில் ஈரத்துணி நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டோம். சாராள் தொட்டிக்குள் இறங்கி, மூலையில் தேங்கியதைக் குவளையால் சுரண்டி எடுத்து எனக்குச் சட்டை துவைத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் போகவில்லை. துவைத்த சேலை இல்லை என்று சொல்லாமல் தலைவலி என்று சொன்னாள். இதற்கிடையில் அந்தப் பக்கத்திலிருந்து அக்கா இரண்டு மூன்று தடவை கேட்டார்.

"சாராளு, உனக்குத் தண்ணி இருக்குதா?"

"நெறைய இருக்குதுங்க்கா!" என்று இவள் காலித் தொட்டிக்குள் நின்றபடி பதில் சொன்னாள்.

அக்கா கிணற்றில் இறைக்கிற சத்தமே கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன். மோட்டார் வரட்டும் என்று காத்திருக்கிறார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஷாநவாஸ் எங்கள் வாசலுக்கு வந்தான். வாசல் வழியாக அவன் வந்ததே விசேஷம். முகம் குழம்பிப்போய் இருந்தது.

"மாமா, அம்மா என்ற கூட வந்தறேங்குது. வீட்டை வித்துப்போடுங்குது. தண்ணிதான் வந்துருச்சேம்மான்னா, வாயத் தொறக்க மாட்டேங்குது. சாராம்மா ஏதாச்சும் சொன்னீங்களா?"

சாராள் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். இரண்டு சந்தையும் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றபோது அவளுக்கு மூச்சு இரைத்தது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெட்டி திறந்து கிடந்தது. சாராளைப் பார்த்ததும், பின்னால் வந்த மகனிடம், "ஷானு, மாமாவுக்கு டீ வாங்கிட்டு வா" என்று அனுப்பினார்.

"ஏனுங்க்கா, தண்ணிதான் வந்துருச்சே! பொறகு எதுக்குப் போறீங்க? நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்று சாராள் கத்தினாள்.

"உக்காரு."

"உக்கார மாட்டேன். சொல்லுங்க."

அக்கா மடித்த துணியைப் பெட்டிக்குள் வைத்தார். "அன்னைக்கு வாளி தொப்புன்னு உழுந்துச்சு பாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்தாப்பல இருந்துச்சு. இறைச்சு ஒரு வாய் கொப்புளிச்சேன். அந்தத் தண்ணில அம்பது வருசமாக் கொப்புளிக்கறவ நான். கொப்புளிச்சதைத் துப்ப முடியல கண்ணு. முழுங்கிப்போட்டேன்."

அக்கா அடுத்த துணியை எடுத்தார்.

"நம்ம கெணறு எந்த மழைக்கு இனிச்சிருக்குது சொல்லு?"

"மழைத்தண்ணி இனிக்குமுங்க்கா…"

"மழைத்தண்ணிக்கு பிளீச்சிங் பவுடர் வாசம் வருமா?"

உப்புத் தண்ணீர் லாரி வாங்கியிருந்தால் அக்கா கண்டுபிடித்திருக்க மாட்டார். வாய் கொப்புளித்துத் துப்பியிருப்பார், மோட்டார் போட்டிருப்பார், இன்னும் கொஞ்ச நாளாவது அங்கே இருந்திருப்பார். சாராளுக்கும் அதே நினைப்புத்தான் வந்திருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"உன்ற குடிக்கற தண்ணிய எடுத்து எனக்கு ஊத்திப்போட்டு, நீ காலித் தொட்டியச் சொரண்டறே. அந்தச் சத்தம் இங்க கேக்காதுன்னு நெனைச்சியா? மூணு நாளாக் கேட்டுட்டு இருக்கறேன். என்ற நெஞ்சைச் சொரண்டறாப்பல இருக்குது. நான் இங்க இருந்தா நீ மறுபடியும் ஊத்துவே."

"ஊத்துவேன்" என்றாள் சாராள். "எத்தனை தடவைன்னாலும் ஊத்துவேன்."

"தெரியும். அதுக்குத்தான் போறேன்."

சாராள் கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். முப்பத்தெட்டு வருஷம் குரலாகவே பழகியவர்கள், இப்படி ஒருவரை ஒருவர் தொட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. ஷாநவாஸ் டீயோடு வந்து நின்றான். யாரும் குடிக்கவில்லை. நான் மட்டும் குடித்தேன், கையை என்ன செய்வதென்று தெரியாமல்.

அக்கா கிளம்பிய அன்று காலையில் சுவருக்கு மேலே ஒரு ஓஸ் பைப்பின் முனை வந்து தொங்கியது.

"சாராளு, உன்ற தொட்டி மூடியத் தொற. இனி எனக்கெதுக்குத் தண்ணி? இருக்கறதையெல்லாம் ஷானு வாடகை மோட்டார் கொண்டாந்து உடறான்."

"வேண்டாங்க்கா."

"தொறடீ."

திறந்தாள். அக்கா வீட்டு நல்ல தண்ணீர் முழுவதும் எங்கள் தொட்டியில் விழுந்தது. அந்தப் பக்கத்து மோட்டார் காற்றை இழுத்துக் கரகரக்கும்வரை விழுந்தது. அந்தச் சத்தத்தை ஆயிரம் தடவை கேட்டவன் நான். தொட்டி வற்றிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிறகு கார் கதவு சாத்தும் சத்தம். அடுத்த சந்தில்தானே, கிணறு வழியாக நன்றாகக் கேட்டது. சாராள் வாசலுக்குப் போகவில்லை. ராட்டினத்துக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள்.

கார்த்திகை முடியும் முன்பே கிணற்றில் வண்டல் தெரிந்தது. கோமளா மறுபடி வந்தாள். கல்லில் ஈரத்தின் கோடு ஆளுயரத்துக்கு இருந்ததைக் கண்டு துள்ளிக் குதித்தாள். இந்த வட்டாரத்திலேயே முதலில் ஊறிய கிணறு இதுதான் என்றாள். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். பொய்யான மட்டம் ஒன்று அவள் கணக்கில் ஏறுவதில் எனக்கு விருப்பமில்லை. அவள் எழுதியதை அடித்துவிட்டாள்.

"வீணாப் போகலைங்க. கீழதான் போயிருக்குது. யாருக்காச்சும் ஒதவும்" என்றாள்.

யாருக்கு என்று எனக்குத் தெரியும். பின்சந்து லாட்ஜின் ஆயிரம் அடி மோட்டார் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? தலையாட்டி அனுப்பிவைத்தேன்.

வீட்டை வாங்கியவர் அந்தப் பக்கத்து அரை வாயைத் தகரம் போட்டு மூடிவிட்டார். ராட்டினத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கிணற்றுக்குள் பாதி வெளிச்சம் போய்விட்டது. ஷாநவாஸ் செல்போனில் கூப்பிட்டு அக்காவிடம் கொடுப்பான். இரண்டு பேருக்கும் செல்போனில் பேசத் தெரியவில்லை. "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன் கண்ணு." அதோடு நின்றுவிடும். அங்கே லிப்ட் இருக்கிறது, குழாயைத் திருகினால் எந்நேரமும் தண்ணீர் வருகிறது என்று ஒரு தடவை அக்கா சொன்னார். ஆயிரத்து இருநூறு அடிப் போராம்.

தொட்டியில் இருந்த அக்காவின் தண்ணீரைச் செலவழிக்க சாராளுக்கு மனம் வரவில்லை. "இதை எப்புடிங்க குளிக்கறது?" என்றாள். குடிக்க மட்டும் எடுத்தாள். ஒவ்வொரு சொம்பாக எடுத்தாள். மற்றதற்கெல்லாம் லாரிதான். அணையில் மட்டம் இறங்கிக் குழாயும் மாதத்துக்கு ஒரு தடவை என்றாகிவிட்டது; இடையில் அது வந்தபோது நாங்கள் ஊரில் இல்லை, ஜோஸ்லின் வீட்டுக்குப் போயிருந்தோம். அப்படியாக அந்தத் தண்ணீர் நெடுநாள் வந்தது. போன செவ்வாய்க்கிழமை காலையில் அதுவும் தீர்ந்தது. கடைசிச் சொம்பை எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, குவளையைக் கவிழ்த்துவைத்தாள்.

அன்று மத்தியானமே குழாய் சீறியது. நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதில் அணையின் நீர்மட்டம் போட்டிருந்தது. சாராள் சாப்பாட்டுக் கையோடு எழுந்து கொல்லைக்கு ஓடினாள். ராட்டினம் கிறீச்சென்று கத்தியது.

"அக்கா! பாத்திமுத்தக்கா! தண்ணி வந்துருச்சு!"

நான் பேப்பரைக் கீழே வைத்தேன். எழுந்து போய் அவளைக் கூட்டிக்கொண்டு வரலாமா, வேண்டாமா என்று தெரியவில்லை. அவள் இன்னொரு தடவை ஆட்டினாள். இப்போது மெதுவாக.

பதில் ராட்டினத்துக்காக நானும் காது கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி மூடியை நாங்கள் இருவருமே திறக்கவில்லை.